சுட்டிக்காட்டத் தெரியும், சொல்லத் தெரியாது

"டீச்சர், நான் சொன்னா எல்லாத்தையும் எடுத்துட்டு வாரான். டம்ளர் எடுன்னா டம்ளர், செருப்பை எடுன்னா செருப்பு. ஆனா டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு இது என்னன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கான். ஏன் டீச்சர்?"

காக்ளியர் இம்ப்ளாண்ட் வைத்த பிள்ளைகளின் அம்மாக்கள் என்னிடம் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான். திருநெல்வேலிப் பக்கம் ஒரு தெரபி மையத்தில் அந்தப் பிள்ளைகளுக்குக் கேட்கவும் பேசவும் சொல்லிக்கொடுப்பது என் வேலை.

வீட்டில் இதற்கு ஆளுக்கொரு விளக்கம் வைத்திருப்பார்கள். பிடிவாதம் என்பார் அப்பா. ஆம்பளப் பிள்ளை, கொஞ்சம் லேட்டாத்தான் பேசுவான் என்பார் ஆச்சி. மெஷின் சரியில்லையோ என்று அம்மாவுக்குப் பயம். பெரும்பாலான சமயம் இவற்றில் எதுவும் காரணம் இல்லை. பெயரைக் கேட்டு ஒரு பொருளை எடுப்பதும், பொருளைப் பார்த்து அதன் பெயரைச் சொல்வதும் வேறு வேறு திறமைகள். காது கேட்கும் பிள்ளைகளிடம் இரண்டும் ஒன்றாகவே வளர்வதுபோலத் தெரிவதால், முதலாவது வந்துவிட்டால் இரண்டாவது தானாக வந்துவிடும் என்று நினைத்துவிடுகிறோம். இம்ப்ளாண்ட் வைத்த பிள்ளைகளுக்கு இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்து, பிறகு சேர்த்துவைக்க வேண்டியிருக்கிறது. இதை அந்தக் குடும்பங்களிடம் யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை என்பது என் ஆதங்கம். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் மெஷின் செய்வது என்ன, செய்யாதது என்ன என்று பார்த்துவிடலாம். உள்காதில் காக்ளியா என்று ஒரு சுருண்ட உறுப்பு. ஒலியை நரம்புக்குக் கொண்டுசேர்க்கும் உள்வரிசை மயிரிழைச் செல்கள் அதற்குள் சுமார் 3,500 இருக்கின்றன. பிறவியிலேயே காது கேட்காத பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இந்த இடத்தில்தான் கோளாறு. இம்ப்ளாண்ட் இந்தச் செல்களைத் தாண்டிப் போய்விடுகிறது. காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி ஒலியை வாங்கி, தலையில் காந்தத்தால் ஒட்டியிருக்கும் காயில் வழியாக உள்ளே அனுப்பும். உள்ளே மெல்லிய இழையில் வரிசையாக இருக்கும் எலெக்ட்ரோடுகள் நரம்பை நேரடியாகத் தூண்டும். கம்பெனியைப் பொறுத்து அந்த எலெக்ட்ரோடுகள் 12 முதல் 22 வரை. அமைதியான அறையில் பேச்சைப் புரிந்துகொள்ள அது போதும். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எங்களைப் போல அன்றாடம் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். கல்யாண மண்டபத்து இரைச்சலிலும் பாட்டின் ராகத்திலும்தான் குறை தெரியும்.

1978-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் டாக்டர் கிரேம் கிளார்க் பல எலெக்ட்ரோடுகள் கொண்ட தன் கருவியை முதன்முதலில் பொருத்தியது, இடையில் காது கேட்காமல் போன ஒரு பெரியவருக்கு. அவரிடம் மொழி ஏற்கெனவே முழுசாக இருந்தது. புதிதாக வரும் ஒலியைத் தெரிந்த சொல்லோடு பொருத்திப் பார்க்கப் பழகுவதுதான் அவருடைய வேலை. பிறவியிலேயே கேட்காத குழந்தையின் நிலைமை அப்படி இல்லை. பொருத்திப் பார்க்க அதனிடம் ஒரு சொல்கூட இல்லை. ஒலியும் புதிது, ஒலிக்குப் பொருள் உண்டு என்பதும் புதிது. அமெரிக்காவில் குழந்தைகளுக்கு இந்தக் கருவியை வைக்க 1990-ல்தான் அனுமதி கிடைத்தது. இன்று நம் ஊரில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகவே ஆபரேஷன் நடக்கிறது. கொத்தனார் பிள்ளைக்கும் பீடி சுற்றும் அம்மாவின் பிள்ளைக்கும் இது கிடைக்கிறது என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு கருவியை முதன்முதலில் ஸ்விட்ச் ஆன் செய்யும் நாளின் வீடியோக்கள் ஒரு தப்பான எண்ணத்தைக் கொடுத்துவிடுகின்றன. குழந்தை திடுக்கிட்டுத் திரும்புகிறது, அம்மா அழுகிறார், குடும்பமே கைதட்டுகிறது. காது கேட்டுவிட்டது, இனி பேச்சு வரவேண்டியதுதான் என்று ஊர் காத்திருக்கிறது. அன்றைக்குத்தான் அந்தக் குழந்தையின் கேட்கும் வயது பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. சாதாரணமாக ஒரு குழந்தை வயிற்றுக்குள் ஆறாம் மாதம் வாக்கிலேயே கேட்க ஆரம்பித்து, பிறந்தபின் ஏறக்குறைய ஒரு வருஷம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுத்தான் முதல் சொல்லைச் சொல்கிறது. மூன்று வயதில் ஸ்விட்ச் ஆன் ஆன பிள்ளையிடம் மூன்றாவது மாதமே "அம்மா சொல்லு, அப்பா சொல்லு" என்று கேட்பது நியாயமில்லை.

இப்போது பெயருக்கு வருகிறேன்.

ஒரு பையனுக்கு முன்னால் பந்து, பூனை பொம்மை, கரண்டி, வெண்டைக்காய் நான்கும் இருக்கின்றன. "கரண்டி எங்க?" என்கிறேன். சட்டென்று எடுத்துவிடுகிறான். அவன் காதில் 'கரண்டி' முழுசாக விழுந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பந்தும் பூனையும் சின்னச் சொற்கள், வெண்டைக்காய் பெரிய சொல், இது நடுத்தரமாக இருக்கிறது, கடைசியில் ஒரு 'இ' கேட்கிறது. இவ்வளவு போதும், எடுத்துவிடலாம். பெயரை நான் கொடுத்துவிட்டேன், பொருளும் கண்முன்னே இருக்கிறது, அவன் செய்தது தேர்வு மட்டும்தான். அதே கரண்டியைக் காட்டிப் பெயர் கேட்டால் யாரும் எதையும் கையில் கொடுப்பதில்லை. க, ர, ண், டி என்று எல்லா ஒலியும் வரிசை மாறாமல் அவனுக்குள் இருந்து வர வேண்டும். வாய் அதைச் செய்ய வேண்டும். வந்த சத்தம் சரியா என்று அவன் காது சரிபார்க்கவும் வேண்டும். அரைகுறையாகச் சேமித்த சொல்லை வைத்துப் பொருளை எடுத்துவிடலாம். சொல்ல முடியாது. சொல்லச் சொன்னால் "அ-அ-இ" என்பான். அவன் உள்ளே சேமித்து வைத்திருப்பது அவ்வளவுதான், அதைத்தான் நேர்மையாகச் சொல்கிறான்.

கேட்பவனாக இருப்பதும் சொல்பவனாக இருப்பதும் ஒரே குழந்தைக்குள் சேரும்போதுதான் பெயரிடுதல் பிறக்கிறது என்று வேல்ஸில் உள்ள பேங்கர் பல்கலைக்கழகத்தின் பாலின் ஹார்ன், ஃபெர்கஸ் லோ இருவரும் 1996-ல் விரிவாக எழுதினார்கள். குழந்தை ஒரு சொல்லைக் கேட்கிறது, பொருளைத் திரும்பிப் பார்க்கிறது, தானும் சொல்கிறது, தான் சொன்னதைத் தானே கேட்டு மறுபடி பொருளைப் பார்க்கிறது. இந்தச் சுற்று ஓடத் தொடங்கினால் புதுப்பெயர்கள் மளமளவென்று சேரும். காது கேட்கும் குழந்தை மழலையில் இருந்தே தன் குரலைக் கேட்டுக்கொண்டு இந்தச் சுற்றுக்குத் தயாராகிறது. நம் பிள்ளைகளுக்கு அந்த மழலைக் காலம் ஊமைப்படமாகப் போய்விட்டது.

பிரேசில் நாட்டில் பவுரு என்கிற நகரம் இம்ப்ளாண்ட் வேலையில் பேர்போனது. அங்கே ஆனா கிளாடியா அல்மெய்டா-வெர்டு என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் இம்ப்ளாண்ட் வைத்த குழந்தைகளிடம் கேட்டுப் பொருத்துவதையும் பார்த்துச் சொல்வதையும் பிரித்து அளந்துகொண்டே வருகிறார்கள். கேட்டுப் பொருத்துவதில் தேறிவிட்ட குழந்தை படத்தைப் பார்த்துச் சொல்வதிலும் தேறியிருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பது அவர்கள் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. எங்கள் மையத்தில் அன்றாடம் பார்ப்பதும் அதேதான். ஆகவே இரண்டையும் வேறு வேறாகக் குறித்து வையுங்கள் என்று பெற்றோரிடம் சொல்வேன். நோட்டில் ஒரு பக்கம் 'கேட்டு எடுத்தது', எதிர்ப்பக்கம் 'தானாகச் சொன்னது'. முதல் பக்கம் நீளமாக இருப்பது இயல்பு, எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படித்தான். எதிர்ப்பக்கம் மாதக்கணக்கில் காலியாகவே கிடந்தால்தான் உட்கார்ந்து பேச வேண்டும்.

சரி, முதல் பக்கத்தில் இருக்கும் சொல்லை எதிர்ப்பக்கத்துக்குக் கொண்டுபோவது எப்படி? ஒரு வெண்டைக்காயை வைத்தே சொல்கிறேன்.

அம்மா பிள்ளைக்கு இம்ப்ளாண்ட் இருக்கும் பக்கமாக, கொஞ்சம் பின்தள்ளி உட்கார்ந்திருக்கிறார். வாயைப் பார்த்துப் புரிந்துகொள்ளாமல் காதால் கேட்கட்டும் என்பதற்காக. காய் மஞ்சப்பைக்குள் இருக்கிறது. "பையில என்ன இருக்கு தெரியுமா? வெண்டக்கா! அம்மா வாங்கிட்டு வந்தது வெண்டக்கா." இவ்வளவும் சொன்னபிறகுதான் காய் வெளியே வரும். ஒலி முதலில், பொருள் பிறகு. பொருளை முதலில் காட்டிவிட்டால் கண் ஜெயித்துவிடும், காதுக்கு வேலையே இருக்காது. சொல் வாக்கியத்தின் கடைசியில் வந்து விழுகிறது பாருங்கள், அது வேண்டுமென்றே செய்வது. ஆரம்பத்தில் கடைசியில் வரும் சொல்லைப் பிடிப்பதுதான் குழந்தைக்கு எளிது. நன்றாகப் பிடிபட்டபிறகு நடுவில் நுழைக்கலாம்: "வெண்டக்காயைக் கழுவலாமா?" இன்னொன்று, "வெ... ண்... டை..." என்று துண்டு துண்டாக உடைத்துச் சொல்லக் கூடாது. உடைத்தால் சொல்லின் தாளம் போய்விடும். தாளம்தான் இந்தப் பிள்ளைகளுக்கு முதல் பிடிமானம். வழக்கமான பேச்சைவிடக் கொஞ்சம் நிதானமாக, கொஞ்சம் ராகமாக, முழுசாகச் சொல்ல வேண்டும்.

காயைக் கழுவுகிறார்கள். நுனியைக் கிள்ளுகிறார்கள். கொழகொழவென்று விரலில் ஒட்டுகிறது, பையன் மூஞ்சியைச் சுளிக்கிறான். "ஐய, வெண்டக்கா கொழகொழன்னு இருக்கு!" வெட்டிய வில்லையை விரல் நுனியில் ஒட்டவைத்து விளையாடுகிறான். அந்தப் பத்து நிமிஷத்தில் அந்தச் சொல் எத்தனை முறை வந்திருக்கும்! ஒருமுறைகூட "சொல்லு" என்று கேட்கவில்லை.

அடுத்த கட்டம், இரண்டில் ஒன்று. "அம்மாவுக்கு எது வேணும், வெண்டக்காயா கத்திரிக்காயா?" பெயர் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அவன் அதை எடுத்துச் சொன்னால் போதும். வெறுமனே திருப்பிச் சொல்வதற்கும் தானாகச் சொல்வதற்கும் நடுவில் இருக்கும் படி இதுதான். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க வைப்பதால்தான் பல பிள்ளைகள் விழுகிறார்கள். அதற்கும் அடுத்தது, வாக்கியத்தைத் தொடங்கி விட்டுவிடுவது. "சாம்பார்ல என்ன போடப் போறோம்? வெ..." என்று ஆரம்பித்துவிட்டு ஆவலோடு அவன் முகத்தைப் பார்ப்பது. பார்த்துக்கொண்டே இருப்பது. பெரும்பாலான பெரியவர்களால் முடியாதது இந்தக் காத்திருப்பு. இரண்டு விநாடிகூடப் பொறுக்காமல் நாமே பதிலைச் சொல்லிவிடுவோம். அந்தப் பிள்ளைக்கு ஒலியைத் தேடி எடுக்க நேரம் வேண்டும். மனசுக்குள் பத்து எண்ணுங்கள் என்று அம்மாக்களிடம் சொல்வேன்.

இதையெல்லாம் செய்து, பல நாள் கழித்து, காய்கறிக் கடை வாசலில் யாரும் எதுவும் கேட்காமலே "ம்மா, எண்டக்கா!" என்று கத்துவான் பாருங்கள். அன்றைக்குத்தான் அது அவனுடைய சொல். 'வெ' வரவில்லையே என்று அந்த இடத்தில் திருத்தாதீர்கள். "ஆமா ராசா, வெண்டக்கா! எவ்ளோ வெண்டக்கா!" என்று சரியான ஒலியைக் காதில் போட்டுவிட்டு, கால் கிலோ வாங்கிக்கொண்டு வாருங்கள்.

நான் மிகக் கடுமையாகவே எதிர்ப்பது "இது என்ன?" என்கிற விசாரணையை. விருந்தாளி வந்தால் பிள்ளையை நடுவில் நிறுத்தி, "மாமாவுக்குச் சொல்லிக்காட்டு, இது என்ன? இது என்ன?" என்று பொருள் பொருளாகத் தூக்கிக் காட்டுகிறார்கள். பெருமைக்காகச் செய்வதுதான், புரிகிறது. ஆனால் பரீட்சை வைப்பதால் பெயர் வராது, பயம்தான் வரும். சில பிள்ளைகள் அந்தக் கேள்வியையே திருப்பிச் சொல்லப் பழகிவிடுகிறார்கள். "இது என்ன?" என்றால் பதிலுக்கு "என்ன" என்பார்கள். "பந்து சொல்லு" என்றால் "பந்து சொல்லு" என்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை பேச்சு என்பது எதிரில் இருப்பவர் சொன்னதைத் திருப்பிக் கொடுப்பது என்று ஆகிவிட்டது. இந்தப் பழக்கத்தை உடைக்க மாதக்கணக்காகிறது. ஒரு நாளைக்கு ஒரு கேள்வி கேட்டால், பத்து விஷயத்தை நீங்களாகச் சொல்லுங்கள். உங்களுக்கே பதில் தெரிந்த கேள்வியைக் கேட்காமல், பிள்ளைக்கு உண்மையிலேயே ஏதாவது தேவைப்படும் நேரத்தை உண்டாக்குங்கள். பிஸ்கட் டப்பாவை இறுக மூடிக் கையில் கொடுங்கள். செருப்பில் ஒன்றை ஒளித்துவைத்துவிட்டு வெளியே கிளம்புங்கள். சொல்லுக்கு அப்போதுதான் பயன் வருகிறது.

பிள்ளை தப்பாகச் சொல்வதையும் கவனியுங்கள், அதில் நிறையத் தகவல் இருக்கிறது. வெண்டைக்காயைப் பார்த்து 'கத்திரிக்கா' என்றால் நல்ல சகுனம். காய்கள் எல்லாம் ஒரு குடும்பம் என்று மனசுக்குள் அடுக்கி வைத்திருக்கிறான், எடுக்கும்போது பக்கத்து இடத்தில் கைபட்டுவிட்டது. டம்ளரைப் பார்த்து 'தண்ணி குடிக்க' என்றால் அதுவும் நல்லதுதான், பயன் தெரிகிறது, பெயர் மட்டும் சிக்கவில்லை. "ஆமா, தண்ணி குடிக்க டம்ளர்" என்று பெயரைச் சேர்த்துக் கொடுங்கள். ஆனால் வழக்கமாகச் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று 'ஸ', 'ச' எல்லாவற்றையும் விழுங்க ஆரம்பித்தால் அது மொழிப் பிரச்சினை இல்லை. கருவியைப் பாருங்கள், மேப்பிங், அதாவது கருவியின் அளவுகளைப் பிள்ளைக்கு ஏற்றபடி அமைக்கும் வேலையைச் செய்யும் ஆடியாலஜிஸ்டிடம் போங்கள்.

இனி நம்முடைய தமிழ். படச்சார்ட்டில் பேருந்து, மிதிவண்டி, குவளை என்று அழகாக அச்சிட்டிருக்கும். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. பஸ், சைக்கிள், டம்ளர். தெரபி அறையில் ஒரு சொல், வீட்டில் ஒரு சொல் என்றால் நூற்றுக்கணக்கான தடவை கேட்டால்தான் பதியும் பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்? வீட்டில் என்ன சொல்கிறார்களோ அதைத்தான் நான் முதலில் எடுப்பேன். ஆச்சி என்று கூப்பிடும் வீட்டில் பாட்டி என்று சொல்லிக்கொடுக்க மாட்டேன். ஒரே வீட்டில் அம்மா டம்ளர் என்றும் அப்பா கிளாஸ் என்றும் சொன்னால், கொஞ்ச நாளைக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்வேன். புத்தகத் தமிழ் பள்ளிக்கூடத்தில் கட்டாயம் வேண்டும், அதைப் பிறகு பாலம் போட்டுச் சேர்க்கலாம். இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கப்போகிறோம், அதனால் வீட்டிலும் இங்கிலீஷிலேயே பேசட்டுமா என்று கேட்கும் பெற்றோர்களுக்கு என் பதில், நீங்கள் எந்த மொழியில் திட்டுகிறீர்களோ, கொஞ்சுகிறீர்களோ அந்த மொழியில் பேசுங்கள் என்பதுதான். திக்கித் திணறிப் பேசும் பத்து இங்கிலீஷ் சொல்லால் ஒரு பிள்ளைக்கு மொழி வராது.

தமிழில் பெயர்கள் உருமாறிக்கொண்டே இருக்கும் என்பதும் ஒரு சிக்கல். வீடு தெரிந்த பிள்ளைக்கு 'வீட்ல' என்றால் புரியாமல் போகலாம். மரம், மரத்துல. சோறு, சோத்துல. காது கேட்கும் பிள்ளைகள் இதைச் சும்மா கேட்டே கண்டுபிடித்துவிடுவார்கள். நம் பிள்ளைகளுக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கவைக்க வேண்டும். "இதான் நம்ம வீடு. வீட்டுக்குப் போலாம். வீட்ல யாரு இருக்கா? ஆச்சி இருக்கா."

ஒலிகளில் நமக்கு ஒரு சாதகம் உண்டு. குறில் நெடில் வேறுபாடு நீளத்தைச் சார்ந்தது. ஒலியின் நீளத்தையும் தாளத்தையும் இம்ப்ளாண்ட் நன்றாகவே கடத்தும். கல்லு, காலு. பல்லு, பாலு. இந்த ஜோடிகளைப் பல பிள்ளைகள் சீக்கிரமே பிரித்துக் கேட்கிறார்கள். ல, ள, ழ வித்தியாசமும் ன, ண வித்தியாசமும் நாக்கு தொடும் இடத்தைச் சார்ந்தவை, அந்த நுணுக்கம் கருவி வழியாகத் தேய்ந்துதான் வரும். ழகரம் வரவில்லை என்று மூன்று வயதுப் பிள்ளையை யாராவது படுத்தினால் எனக்குக் கோபம் வரும். நன்றாகக் காது கேட்கிறவர்களில் எத்தனை பேருக்கு வருகிறது?

எழுத்துத் தெரிகிற வயதுப் பிள்ளைகளுக்கு இன்னொரு நல்ல வழி இருக்கிறது. 1971-ல் அமெரிக்காவில் மரே சிட்மன் என்ற உளவியலாளர், கடுமையான அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள 17 வயதுப் பையன் ஒருவனுடன் வேலை செய்தார். சொல்லைக் கேட்டால் படத்தைக் காட்டவும், படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லவும் அவனுக்குத் தெரியும். வாசிக்கத் தெரியாது. சொல்லைக் கேட்டு அச்சிட்ட சொல்லைக் காட்ட மட்டும் 20 சொற்களுக்கு அவர் பழக்கினார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவன் அச்சுச் சொல்லைப் படத்தோடு பொருத்தினான், வாய்விட்டு வாசிக்கவும் செய்தான். ஒலி, படம், எழுத்து மூன்றில் சில இணைப்புகளைக் கற்றுக்கொடுத்தால் மீதி இணைப்புகள் தாமாக முளைக்கின்றன. பிரேசில் குழு இதையே இம்ப்ளாண்ட் பிள்ளைகளிடம் செய்து பார்த்தது. படத்தைப் பார்த்துச் சொல்லும்போது குளறுகிற பிள்ளை, எழுத்தைப் பார்த்து வாசிக்கும்போது அதைவிடத் தெளிவாகச் சொல்கிறது. எழுத்தையும் படத்தையும் பொருத்தப் பழக்கினால் அந்தத் தெளிவு படத்துக்கும் போய்ச் சேர்கிறது. தமிழுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். கல், கால் இரண்டையும் எழுதிக் காட்டினால் காதில் கேட்கும் நீளத்தைத் துணைக்கால் கண்ணுக்கும் காட்டிவிடுகிறது. ஐந்து வயதைத் தாண்டியும் பெயர்கள் தேய்ந்தே வரும் பிள்ளைகளுக்கு நான் தயங்காமல் எழுத்தைக் கையில் எடுக்கிறேன்.

பெயர் என்றதும் பொருள்களோடு நின்றுவிடக் கூடாது. படச்சார்ட்டில் இருக்கும் பழம் எல்லாவற்றையும் ஒப்பிக்கும் பிள்ளைக்கு 'வலிக்குது' சொல்லத் தெரியாது. காய்ச்சலில் சுருண்டு கிடக்கும்போது எங்கே வலி என்று காட்டத் தெரியாமல் அழும். சுடுது, குளிருது, பயமா இருக்கு, வேண்டாம், இன்னும் வேணும், அவன் அடிச்சான். அன்னாசிப்பழத்துக்கு முன்னால் இவை வர வேண்டும். ஊத்து, திற, மூடு, ஒளி, ஓடு என்று செயல்களும் கூடவே வர வேண்டும். அப்புறம் மனிதர்கள். அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா என்று ஆளைப் பார்த்துக் கூப்பிடும் பிள்ளையைத் தெருவே சேர்ந்து வளர்க்கும்.

இவ்வளவுக்கும் அடிப்படை, காலையில் எழுந்ததும் மெஷின் வேலை செய்கிறதா என்று பார்ப்பது. டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிச் சோதனைக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது. பிள்ளைக்குப் பின்னால் நின்று ம்ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். வரிசையையும் இடைவெளியையும் மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஒலிக்கும் பிள்ளை ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போட வேண்டும். பேச்சில் வரும் தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை இந்த ஆறில் அடங்கிவிடும். ஒன்று விடுபட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும். குளிக்கும், தூங்கும் நேரம் தவிர மெஷின் காதிலேயே இருக்க வேண்டும். ராத்திரி ஈரம் உறிஞ்சும் டப்பாவுக்குள் வையுங்கள், நம் ஊர் வியர்வைக்கு இது கட்டாயம். டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும், ஆகவே அடுப்படியில் இருந்து கத்துவதைவிடப் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொல்வது மேல்.

சைகையைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். ரொம்பத் தாமதமாக இம்ப்ளாண்ட் வைத்த பிள்ளைகளும், வைத்தும் பலன் குறைவாக இருக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களை மொழியே இல்லாமல் உட்காரவைத்துப் பேச்சுக்காகக் காத்திருப்பது கொடுமை. சைகை மொழி முழுமையான மொழி. ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஒரு மொழி வேளையோடு கிடைத்தாக வேண்டும்.

என் மனதை உறுத்துவது ஒன்று. ஆபரேஷனும் முதல் கட்டப் பயிற்சியும் இலவசமாகக் கிடைக்கின்றன. உத்தரவாதக் காலம் முடிந்தபிறகு காயில் கேபிள் அறுந்தால், கருவி நனைந்தால், தினக்கூலிக் குடும்பத்தால் அந்தச் செலவைத் தாங்க முடிவதில்லை. பணம் புரளும்வரை பிள்ளை சத்தமில்லாமல் இருக்கிறது. அப்போதுதான் முளைத்த பெயர்கள் அந்த வாரங்களில் வாடிப்போவதைப் பார்க்க முடியவில்லை. உதிரிபாகத்துக்கும் பழுதுக்கும் ஆயுள் முழுக்கப் பொறுப்பேற்காத திட்டம் பாதித் திட்டம்தான். அரசு இதைச் செய்ய வேண்டும்.

இதை வாசிக்கிற உங்களிடமும் ஒரு வேண்டுகோள். பிறந்த குழந்தைக்குச் செய்யும் காதுப் பரிசோதனை வலியில்லாதது, சில நிமிஷங்களில் முடிவது. ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் பயிற்சி தொடக்கம் என்பது உலகம் முழுக்கச் சொல்லப்படும் கணக்கு. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு குழந்தை கூப்பிட்டால் திரும்பவில்லை என்று தோன்றினால், "வளர்ந்தா சரியாயிரும், அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசுனாரு" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரியிலோ குழந்தைகளுக்கான தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையம் எங்கே என்று விசாரித்து அந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். காப்பீட்டுத் திட்டத்தில் வயது வரம்பு 6. நான்கு வயதில், ஐந்து வயதில் வரும் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பெயருக்கும் பாடுபட வேண்டியிருக்கிறது. ஒரு வயதில் வருகிறவர்களுக்கு அந்தப் பாடு பாதிகூட இல்லை.